ரூம் விலை ஏறினால் யாருக்கு லாபம்?

மும்பையில் நம் மக்கள் வாழும் பகுதிகளில் இன்று நான்கு பேர் கூடினால் பேச்சு ஒன்றே: ரூம் விலை. தாராவியின் சந்துகளிலும், சயன் கோலிவாடாவிலும், ஆண்டாப் ஹில்லிலும், செம்பூர்ப் பக்கத்திலும், "இன்னாருடைய ரூம் இவ்வளவுக்குப் போயிற்றாம்" என்பதே காலைத் தேநீரோடு வரும் முதல் செய்தி. பணி ஓய்வு பெற்று கிராஜுவிட்டி வாங்கியவரும், வளைகுடாவிலிருந்து திரும்பியவரும், இட்லி வியாபாரத்தில் நாலு காசு சேர்த்தவரும் கேட்பது ஒரே கேள்வி: "இன்னொரு ரூம் வாங்கிப் போடலாமா?"

அவரவர் பணம், அவரவர் விருப்பம் என்று இதை விட்டுவிட முடியாது. இந்தக் கேள்விக்கு நம்மில் ஆயிரம் பேர் சொல்லும் விடையைப் பொறுத்துத்தான் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இந்த நகரத்தில் தமிழ் உழைப்பாளி மக்கள் ஒரு சமுதாயமாக நிற்பார்களா, அல்லது வீட்டுக்காரர் ஒரு பக்கமும் குடியிருப்பவர் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்பார்களா என்பது முடிவாகும். எனவேதான் இதைத் தலையங்கத்துக்கு எடுத்துக்கொண்டோம்.

ஒரு வீடு உள்ளவனுக்கு என்ன ஏறிற்று?

முதலில் மிக எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒரு குடும்பம் பத்துக்குப் பன்னிரண்டு ரூமில் இருக்கிறது. அன்று ஐந்து லட்சம் மதிப்பு. இன்று முப்பது லட்சம் என்கிறார்கள். இதனால் அந்த ரூமுக்கு இன்னொரு சுவர் முளைத்ததா? குழாயில் கூடுதலாக ஒரு குடம் தண்ணீர் வந்ததா? இல்லை. விற்றால் முப்பது லட்சம் கிடைக்கும் என்பது உண்மை. விற்றுவிட்டு எங்கே போவது? பக்கத்துச் சந்திலும் முப்பது லட்சந்தான். பணம் மிச்சமாக வேண்டுமானால் நாலாசோப்பாராவுக்கோ பத்லாப்பூருக்கோ போக வேண்டும். மிச்சமான பணத்தை நாள்தோறும் மின்சார ரயிலில் மூன்று மணி நேரம் நின்று கழிக்க வேண்டும். பிள்ளைகளின் பள்ளி போகும், கைத்தொழிலுக்கு இருந்த வாடிக்கை போகும்.

அதே குடும்பத்தில் இரண்டு பையன்கள் இருந்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். தகப்பனுக்கு விலை ஏறியது மகிழ்ச்சி. கலியாணம் முடிந்து தனிக்குடித்தனம் போக வேண்டிய மகனுக்கு அதே விலை தலையில் விழுந்த கல். ஆக, ஒரே வீடு உள்ள குடும்பத்துக்கு விலை ஏற்றம் காகிதத்தில் லாபம், வாழ்க்கையில் நட்டம்.

உண்மையான லாபம் இரண்டாவது வீடு வைத்திருப்பவனுக்கே. அந்த லாபம் வானத்திலிருந்து விழுவதில்லை. நேற்று திருநெல்வேலிச் சீமையிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ சேலத்திலிருந்தோ ரயில் ஏறி வந்து, நம் தெருவிலேயே தலை சாய்க்க இடம் தேடுகிறவனின் கூலியிலிருந்துதான் வருகிறது. இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

வாடகை ஒரு பக்கம், வட்டி ஒரு பக்கம்

"அது கிடக்கட்டும், லாபம் வருமா வராதா, அதைச் சொல்லுங்கள்" என்று கேட்பவர்களுக்கும் விடை சொல்வோம். எடுத்துக்காட்டுக்கு, 30 லட்சம் கொடுத்து ஒரு ரூம் வாங்கி மாதம் 7,500 ரூபாய்க்கு விடுவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 90,000 ரூபாய்; அதாவது நூற்றுக்கு 3. ஆள் மாறும்போது காலியாகக் கிடக்கும் மாதம், புரோக்கர் கூலி, மழைக்காலத்தில் கூரைச் செலவு, இவற்றை இன்னும் கழிக்கவில்லை. அதே 30 லட்சத்தை அஞ்சலகத்தின் முதியோர் சேமிப்புத் திட்டத்தில் போட்டவருக்கு 2024-25ஆம் ஆண்டில் நூற்றுக்கு 8.2 வீதம் ஆண்டுக்கு 2,46,000 ரூபாய் வந்தது. வித்தியாசம் 1,56,000 ரூபாய். அப்படியானால் ரூமின் விலை ஆண்டுதோறும் நூற்றுக்கு 5.2 ஏறினால்தான் அஞ்சலகத்தில் போட்டவரோடு இவர் சமமாக நிற்க முடியும். லாபம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. ரூம் வாங்கிப் போடுகிறவர் வாடகைக்காக வாங்குவதில்லை. விலை ஏறும் என்று பந்தயம் கட்டுகிறார். பெயர் முதலீடு, செயல் பந்தயம்.

கடன் வாங்கிப் பந்தயம் கட்டினால் நிலைமை இன்னும் மோசம். 30 லட்சம் கடன், 9 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறத்தாழ 27,000 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டியிருக்கும் மொத்தம் 64 லட்சத்துக்கு மேல். வாடகை 7,500 வந்தால் மீதி 19,500 சம்பளத்திலிருந்து போக வேண்டும். 45 வயதில் இந்தக் கடனை எடுக்கும் தொழிலாளி 60 வயதில் ஓய்வு பெறும்போது இன்னும் ஐந்தாண்டுத் தவணை பாக்கி நிற்கும். பென்ஷனிலிருந்து கட்டுவாரா, பிள்ளையின் படிப்பை நிறுத்திக் கட்டுவாரா?

"நிலத்தின் விலை இறங்கியதாகச் சரித்திரமே இல்லை" என்று புரோக்கர்கள் பேசுவார்கள். நாடறிந்த இரண்டு நிகழ்ச்சிகளை அவர்களுக்கு நினைவூட்டுகிறோம். டில்லியை அடுத்த நொய்டாவில் ஆம்ரபாலி என்ற கட்டுமானக் கம்பெனியிடம் பணம் கட்டிய குடும்பங்கள் 42,000க்கு மேல். வாங்கிய பணம் வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டதைக் கண்டு, 2019 ஜூலையில் உச்சநீதிமன்றம் அந்தக் கம்பெனியின் பதிவையே ரத்து செய்து, பாதியில் நின்ற கட்டடங்களை முடிக்கும் பொறுப்பை அரசு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அதுவரை அந்த மக்கள் ஒரு பக்கம் வாடகையும் மறுபக்கம் தவணையுமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, நம் மும்பையில் நடந்தது. பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி, தான் கொடுத்த கடனில் பெரும் பகுதியை எச்.டி.ஐ.எல். என்ற ஒரே கட்டுமானக் குழுமத்துக்குக் கொடுத்திருந்தது. 2019 செப்டம்பரில் அது வெளிப்பட்டபோது, கணக்கு வைத்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி முதலில் உத்தரவிட்டது. பிறகுதான் அந்த வரம்பு படிப்படியாக உயர்ந்தது. வீடே வாங்காத டாக்சி ஓட்டுநரும் சிறு கடைக்காரரும் தங்கள் சேமிப்பை எடுக்க முடியாமல் வங்கி வாசலில் நின்றார்கள். வீட்டு விலைப் பந்தயத்தில் கட்டுமானக்காரன் தோற்றால், பந்தயம் கட்டாதவனும் கட்ட வேண்டியிருக்கிறது.

பூட்டிய வீடும் நடைபாதைக் குடும்பமும்

விலை ஏன் ஏறுகிறது? வீடு பற்றாக்குறை என்பார்கள். பாதி உண்மை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வீடுகள் காலியாகக் கிடந்தன. அடுத்த ஆண்டு, 2012இல், மத்திய அரசின் வல்லுநர் குழு நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை 1 கோடியே 88 லட்சம் என்று மதிப்பிட்டது. அந்தப் பற்றாக்குறையில் நூற்றுக்கு 95க்கு மேல் ஏழை, கீழ் வருவாய்க் குடும்பங்களுடையது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பணம் உள்ளவன் வாங்கிப் பூட்டி வைத்த வீடு ஒரு பக்கம், வீடு இல்லாத குடும்பம் மறுபக்கம். வாழ்வதற்காக இல்லாமல் விலைக்காகவே வீடு கட்டப்படும் நாட்டில் இப்படித்தான் நடக்கும். நாமும் நம் சிறு சேமிப்போடு அந்த வரிசையில் போய் நிற்க வேண்டுமா?

நமக்கு உரிமை எப்படி வந்தது?

நம் முன்னோர் இந்த நகரத்தில் இடம் பிடித்தது விலை கொடுத்தல்ல. சேற்றையும் சதுப்பையும் மண் கொட்டி மேடாக்கித் தாராவியை ஊராக்கினார்கள். தோல் பதனிட்டார்கள், தண்டவாளம் போட்டார்கள். 1976இல் அரசு குடிசைகளைக் கணக்கெடுத்துப் போட்டோ பாஸ் கொடுத்தபோதுதான் "இவன் இங்கே இருக்கிறான்" என்று முதன்முதலாகக் காகிதத்தில் ஏறியது. 1981 ஜூலையில் கொட்டும் மழையில் நடைபாதைக் குடும்பங்களைப் பிடித்து ஊருக்கு அனுப்ப அன்றைய அரசு முயன்றபோது வழக்கு உச்சநீதிமன்றம் போயிற்று. அந்த வழக்கில் முறையிட்டவர்களில் ஒருவர் 1961இல் சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த நிலமற்ற தமிழ்த் தொழிலாளி. 1985 ஜூலையில் வந்த ஓல்கா டெல்லிஸ் வழக்குத் தீர்ப்பு, பிழைப்புக்கான உரிமை உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. அதே தீர்ப்பு நடைபாதையில் நிலையாக இருக்கும் உரிமையைத் தரவில்லை. ஆனாலும் முன்னறிவிப்பின்றி யாரையும் வாரிக் கொட்ட முடியாத நிலையை உண்டாக்கிற்று.

சால்களில் குடியிருந்தவர்களின் கதையும் அதுவே. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் குடியிருந்தவனைக் காத்தது. 2000 மார்ச் 31 முதல் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. இந்தச் சட்டங்களின் கீழ்க் குடியிருந்தவனின் கையில் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று: வாடகை ரசீது. ரசீது இருந்தவன் நின்றான். இல்லாதவன் தெருவுக்கு வந்தான். போட்டோ பாஸ், ரசீது, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், இவையே நம் சொத்து. விலைப் பட்டியல் அல்ல.

தாராவியில் எதை விற்கிறார்கள்?

இப்போது தாராவிக்கு வருவோம். மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு அதானி குழுமம் எடுத்தது. அதற்கென அமைந்த கம்பெனியில் அக்குழுமத்துக்கு 80 விழுக்காடு, மாநில அரசுக்கு 20 விழுக்காடு பங்கு. வீடு வீடாகக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. அன்றிலிருந்து நம் தெருக்களில் புரோக்கர்களுக்கு நல்ல வேட்டை. "இன்றைக்கு வாங்கினால் நாளைக்கு 350 சதுர அடி பிளாட் இலவசம்" என்பது அவர்கள் மந்திரம்.

விதி என்ன சொல்கிறது? தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு, 2000 ஜனவரி 1க்கு முன்னிருந்தே உள்ள தரைத்தள வீடுகளுக்கு. அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்த தரைத்தள வீடுகளுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, அதுவும் 2.5 லட்சம் ரூபாய் கட்டினால். அதற்கும் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், மேல்மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியே வாடகையோடு தவணை கட்டி வாங்கும் வீடு. வெளியே என்றால் எங்கே? முலுண்ட், குர்லா, உப்பளம் கிடந்த நிலங்கள், குப்பை மலை நிற்கும் தேவ்னார் என்று பெயர்கள் அடிபட்டன. இலவசம் என்று புரோக்கர் சொல்வதற்கும் விதியில் இருப்பதற்கும் இவ்வளவு தூரம்.

இன்னொன்று. தாராவி நிலத்தின் பெரும்பகுதி மாநகராட்சிக்குச் சொந்தம். மற்றவை மாநில அரசு, ரயில்வே, சில தனியார். அங்கே ரூம் விற்பவர் நிலத்தை விற்பதில்லை, இருப்பை மட்டும் விற்கிறார். முத்திரைத் தாளில் நோட்டரி கையெழுத்து வாங்கிப் பத்து இருபது லட்சத்தை எண்ணிக் கொடுக்கும் நண்பர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பவர் ஆப் அட்டர்னி, விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றை எழுதி வாங்குவதால் அசையாச் சொத்தின் உரிமை கை மாறிவிடாது, பதிவு செய்த கிரயப் பத்திரமே வேண்டும் என்று 2011 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் தாளை நம்பி வாழ்நாள் சேமிப்பைக் கொடுப்பது மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது.

நம்மவரே நமக்கு வீட்டுக்காரர்

இனிச் சொல்வது சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் சொல்ல வேண்டியது இந்தத் தாளின் கடமை.

நம் தெருக்களில் கீழே வீட்டுக்காரர் தமிழர், மேல்மாடியில் குடியிருப்பவரும் தமிழர். பத்து ஆண்டு, பதினைந்து ஆண்டு வாடகை கொடுத்திருக்கிறார். ரசீது ஒன்றுகூட இல்லை. "ரசீது கொடுத்தால் நாளைக்கு உரிமை கேட்பான்" என்பது வீட்டுக்காரரின் பயம். கணக்கெடுப்புக்கு ஆள் வந்தால் மேலே இருப்பவரை இரண்டு நாளைக்கு உறவினர் வீட்டுக்குப் போகச் சொல்வது, அல்லது "இவர் விருந்தாளி" என்று சொல்வது, அல்லது பதினோரு மாதம் முடிந்தவுடன் காலி செய்யச் சொல்வது, இவையெல்லாம் நடக்கின்றன. கட்டுமானக்காரனிடமும் அதிகாரியிடமும் இடிபடும் குடித்தனக்காரர் நம்மவரிடமும் இடிபட்டால், மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்ற கதைதான்.

வீட்டுக்காரத் தோழரைக் கேட்கிறோம். நீங்கள் வந்த நாளில் உங்களுக்குப் பாய் விரித்து இடம் கொடுத்தவர் யார்? ஊர்க்காரர்தானே? அவர் உங்களிடம் சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்டாரா? தர்மம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் சொந்த நன்மைக்காகவே எண்ணிப் பாருங்கள். தெருவில் நூறு குடும்பம் இருந்து அதில் அறுபது குடும்பம் குடித்தனக்காரர் என்றால், அந்த அறுபதை வெளியே தள்ளிவிட்டு மீதி நாற்பது பேர் கட்டுமானக்காரனிடம் என்ன பேரம் பேச முடியும்? எண்ணிக்கைதான் ஏழையின் பலம். அதை நாமே குறைத்துக்கொண்டால், "தகுதி இல்லாதவன்" என்ற முத்திரை இன்று மேல்மாடிக்கு, நாளை கீழ்த்தளத்துக்கும் வரும்.

ஊரில் வாங்கும் மனை

தாராவி வேண்டாமென்று ஊரில் மனை வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. ஊரில் ஒரு கால் வைத்திருக்க ஆசைப்படுவது இயற்கை; குறை சொல்ல மாட்டோம். ஆனால் இங்கிருந்தபடியே நோட்டீசில் கொடியும் வளைவும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது தவறு. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தபோது, விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்தவர்கள் ஏராளம். வில்லங்கச் சான்றும் பட்டாவும் அங்கீகார எண்ணும் பார்க்காமல், இடத்தை நேரில் மிதித்துப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது. ஏரியை மேடாக்கி விற்ற மனையில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வரும்.

செய்ய வேண்டியவை

வீடு வாங்கவே கூடாது என்பது நம் வாதம் அல்ல. குடியிருக்க ஒரு வீடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டும். அதற்குக் கடன் வாங்குவதும் தவறில்லை. குடியிருக்க வாங்குகிறவர் 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். திட்டத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கட்டுமானக்காரனுக்கு உரிமை இல்லை. வாங்கிய பணத்தில் நூற்றுக்கு 70ஐ அந்தத் திட்டத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும். இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்கிறவனிடம் வாங்காதீர்கள்.

இரண்டாவது ரூமைத் தேடும் நண்பர்களுக்கு: முதலில் இருக்கும் ரூமின் காகிதங்களைச் சரி செய்யுங்கள். போட்டோ பாஸில் பெயர் யாருடையது? இறந்த தகப்பனார் பெயரிலேயே கிடக்கிறதா? லைட் பில் யார் பெயரில்? பத்து லட்சத்துக்குப் புது ரூம் வாங்குவதைவிட இதற்கு அலையும் பத்து நாள் அதிக மதிப்புள்ளது.

வீட்டுக்காரர்களுக்கு: இந்த மாதம் முதல் வாடகைக்கு ரசீது கொடுங்கள். கணக்கெடுப்பில் மேல்மாடிக் குடும்பத்தின் பெயரை மறைக்காதீர்கள்.

குடித்தனக்காரர்களுக்கு: வாடகையைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள். பிள்ளையின் பள்ளிச் சான்று, மருத்துவமனைச் சீட்டு, ஆதார், எதில் இந்த முகவரி இருக்கிறதோ அதையெல்லாம் ஒரு பையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது: தரைத்தளம், மேல்மாடி என்ற பேதமின்றி இன்று குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தாராவியிலேயே அல்லது அதை ஒட்டியே வீடு வேண்டும். யார் தகுதியுள்ளவர், யார் இல்லாதவர் என்ற பட்டியல் சந்துவாரியாகத் தமிழ் உட்பட மக்கள் படிக்கும் மொழிகளில் ஒட்டப்பட வேண்டும். முறையிட வரும் ஏழைக்கு இலவச வழக்கறிஞர் வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளைத் தெருவாரியாகக் கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் வேலையைச் சங்கத்தின் கிளைகள் மேற்கொள்ள வேண்டும். கையெழுத்து வாங்கப் போகும் தோழர்கள் கீழ்வீட்டோடு திரும்பிவிடாமல், ஏணி ஏறி மேல்மாடிக் கதவையும் தட்ட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.